மதிப்பீட்டாளர் பணியைப் பற்றி
சொத்து மதிப்பீட்டுத் துறைக்கு வர விரும்பும் இளையோர் பலரும், கட்டடத்தை அளந்து பரப்பளவை விலையால் பெருக்கிச் சொல்வதே இந்த வேலை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அளப்பது எளிது. அண்மையில் விற்ற ஒத்த சொத்துகளின் விலையோடு ஒப்பிடுவது, வாடகை வருமானத்தை மூலதன மதிப்பாக, அதாவது அந்த வருமானம் தரும் சொத்தின் மொத்த மதிப்பாக, மாற்றுவது, தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவை நிலத்தின் விலையோடு கூட்டுவது ஆகிய மூன்று வழிகளில் எது பொருந்தும் என்று தீர்மானித்து, அதற்கான காரணத்தை எழுத்தில் நிறுவுவதுதான் கடினம். ஒரே வீட்டுக்கு, அடமானத்துக்கு ஒரு தொகையும் காப்பீட்டுக்கு வேறொரு தொகையும் வரும். காப்பீட்டில் நிலத்தின் விலை சேராது, மீண்டும் கட்டுவதற்கான செலவே கணக்கு. கூடுதல் கடன் கிடைப்பதற்காகத் தொகையை உயர்த்தித் தரும்படி கேட்பவர்கள் (மிகவும் பணிவாகவே கேட்பார்கள்) எப்போதும் இருப்பார்கள் என்பதால், மறுக்கத் தயங்குபவர்களுக்கு இந்தத் தொழிலை நான் பரிந்துரைப்பதில்லை. கணிதத்தில் சராசரியாக இருப்பவர்கள் தாராளமாக வரலாம்.