செல் 37

ஜூன் 8, 2025, ஞாயிறு

போன வாரம் தஞ்சாவூரில் அம்மாவுக்கு முழங்கால் பயிற்சி முடித்துவிட்டு இரவு திரும்பினோம். அம்மாப்பேட்டையில் எங்கள் மின்சாரக் காரின் திரை 24 சதவீதம் சார்ஜ் காட்டியது. மன்னார்குடிக்குத் தாராளமாகப் போதும். ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, 13 ஆகிவிட்டது. ஏ.சி.யை அணைத்து, நாற்பதைத் தாண்டாமல் ஓட்டி, 3 சதவீதத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்திருக்கிறார்.

இரண்டு யூனிட், மூன்று யூனிட் மின்சாரம் திடீரென்று எங்கே போகும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி அம்மாவை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனமில்லை. வண்டிக்குள் ஓடும் விவரங்களைப் படித்துப் போனுக்கு அனுப்பும் ஓ.பி.டி. கருவி ஒன்று ஆர்டர் போட்டேன். இன்று வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளையோடு ஒரு சொருகி இருக்கிறது. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் தலையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதில் செருகி, போனில் புளூடூத்தைச் சேர்த்து, ஆப்பைத் திறந்தேன்.

பாதி எண்கள் வந்தன, பாதி வரவில்லை. வண்டியின் பெரிய பேட்டரி நூறு சின்ன செல்களைக் கோத்தது; செல் 1 முதல் 40 வரை ஓடிவிட்டு அறுந்துபோகிறது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 'ஈ.எல்.எம். 327, பதிப்பு 1.5' என்று அச்சிட்டிருக்கிறது. அது கருவிக்குள் இருக்கும் சிப்பின் பெயர். அந்தச் சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனமான எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. 2022-இல் அந்த நிறுவனமே மூடியாகிவிட்டது. ஆக, கையில் இருப்பது நகல். வேறொன்று வாங்க வேண்டும், இரண்டு மடங்கு விலை. பரவாயில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று மேட்டூர் திறந்தார்கள். தெருவில் எல்லோர் வாயிலும் அதுதான். நாற்றங்காலுக்கு எப்போது உழுவது என்ற பேச்சு.

புதுக் கருவி வந்துவிட்டது. நூறு செல்லும் வரிசையாக வருகின்றன. ஓ.பி.டி. என்பதே பெட்ரோல், டீசல் எஞ்சின் விடும் புகையைக் கண்காணிக்க வந்தது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். மின்சாரக் காரில் புகை ஏது? அதனால் பேட்டரி விவரமெல்லாம் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென்று வைத்திருக்கும் குறியீடுகளில் இருக்கிறது. ஆப்பில் நம் வண்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தக் கதவு திறக்கும். படிக்க மட்டும்தான் செய்கிறேன். பிழைக் குறியீட்டை அழிக்கும் பொத்தானும் அதில் உண்டு; அதைத் தொடுவதாக இல்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்ப்பதற்கு முன்னால் மாத்திரை போட்டால் வைத்தியர் எதைப் பார்ப்பார்?

ஜூன் 25, புதன்

ஒரு வாரம் சென்னையில் வேலை. திரும்பி வந்தால் கார் திறக்கவில்லை. சாவியை அமுக்கினால் சத்தமே இல்லை. அந்தச் சாவிக்குள்ளேயே இருக்கும் சாதாரண சாவியால் கதவைத் திறந்தேன். டேஷ்போர்டு இருட்டு. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை மோட்டாரோடு இணைக்கும் ரிலேக்களை இழுத்துப் பிடிக்கச் சின்ன 12 வோல்ட் பேட்டரி வேண்டும். அது செத்துக்கிடந்தது.

தப்பு என்னுடையது. கருவியைச் செருகியபடியே விட்டுப் போயிருந்தேன். அந்தச் சொருகியின் பதினாறாவது துளைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், வண்டியை அணைத்தாலும். கருவியின் சின்ன விளக்கு ஏழு நாளும் எரிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா டிராக்டரைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார். "எஞ்சினைப் போடவாடா?" என்றார். "வேண்டாம் பெரியப்பா, பேட்டரி மட்டும் போதும்" என்றேன். வயரைப் பிடித்த அரை நிமிடத்தில் வண்டி விழித்துக்கொண்டது. பெரிய பேட்டரி சின்னதற்கு ஊட்டத் தொடங்கியதும் ஆப்பில் 14.1 வோல்ட். வயரைக் கழற்றியாயிற்று. இனிமேல் வண்டியை விட்டு இறங்கும்போது கருவியும் என்னோடு இறங்கும்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே சார்ஜ் இறங்கும்வரை ஓட்டினேன். பக்கத்திலேயே சுற்றினேன், அம்மா இல்லாமல். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல நின்றாயிற்று. அந்தச் சும்மா நின்ற நேரத்தில் பார்த்தேன்: வேகம் பூஜ்யம், ஏ.சி. மட்டும் 1.2 கிலோவாட். ஒரு மணி நேரம் நின்றால் கிட்டத்தட்ட ஒண்ணேகால் யூனிட் போகும் என்று இன்றுதான் கண்ணால் கண்டேன்.

30 சதவீதம் வரை நூறு செல்லும் ஒரே குரலில் பேசின. 3.26, 3.27 வோல்ட். 25 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் ஒன்று மட்டும் நழுவியது. செல் 37. மற்றவை 3.21-இல் நிற்க, இது 3.12. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் 2.94. காலை எடுத்தால் ஏறுகிறது, திரும்ப அழுத்தினால் விழுகிறது. அந்த நொடியில் திரையில் சார்ஜ் 23-இலிருந்து 14.

எங்கள் ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கல்லணையில் 15-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், ஆனால் கடைமடை வயல் நனைந்தால்தான் தண்ணீர் வந்ததாகக் கணக்கு. நூறு செல்லும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. எல்லாவற்றின் வழியாகவும் ஓடுவது அதே மின்னோட்டம். ஒன்று வற்றினால், மீதி 99-இல் இருப்பு இருந்தும் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் அந்தச் செல் கெட்டுப்போகும். காரின் திரை காட்டுவது மேட்டூர் அளவு. எனக்கு வேண்டியது கடைமடை அளவு.

ஜூலை 2, புதன்

இரவு நூறு வரை ஏற்றினேன். இந்த வண்டியை வாங்கியதிலிருந்து 80-க்கு மேல் ஏற்றியதில்லை. யாரோ சொன்னது, பேட்டரி நீடிக்கும் என்று. நிக்கல் வகை பேட்டரிக்கு அது சரியான யோசனைதான். நம்முடையது எல்.எஃப்.பி., இரும்பு பாஸ்பேட் வகை. இதில் நடுவயிற்றில் வோல்ட் அசையவே அசையாது. 40 சதவீதமும் 60 சதவீதமும் கிட்டத்தட்ட ஒரே எண்தான். எந்தச் செல்லில் எவ்வளவு இருக்கிறது என்று வண்டிக்கே தெரிவது உச்சியிலும் அடியிலும்தான். செல்களைச் சமன் செய்வதும் உச்சிக்குப் போனால்தான் நடக்கிறது. அதற்கு நான் இடமே கொடுக்கவில்லை.

மாலையில் ஊரெல்லாம் மோட்டார் ஓடும் நேரம். சார்ஜருக்கு வரும் மின்சாரம் 196 வோல்ட். பத்து மணிக்கு மேல் 225-க்கு ஏறியது. விடியற்காலை மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். இதுதான் முக்கியமான கணம். செல் 37 மற்றவற்றுக்கு முன்னால் உச்சியைத் தொட்டால் அதன் கொள்ளளவே சுருங்கிவிட்டது என்று அர்த்தம், மருந்து கிடையாது. மேலேயும் பின்தங்கினால் அது பசியோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

மற்றவை 3.55. செல் 37, 3.37.

அந்த இருட்டில் திண்ணையில் உட்கார்ந்து அடக்க முடியாமல் சிரித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நான்காவது இரவு. நூறு காட்டிய பிறகும் சார்ஜரைப் பிடுங்காமல் விடுகிறேன். நிரம்பிய செல்களின் உபரியைச் சின்ன மின்தடைகள் வழியாகச் சூடாக்கிக் கழிக்கிறது வண்டி. பின்தங்கியது மெல்ல ஏறி வருகிறது. மெல்ல என்றால் மிக மெல்ல. இடைவெளி 180 மில்லிவோல்ட்டிலிருந்து 70-க்கு வந்திருக்கிறது.

"அந்த முப்பத்தேழு எப்படி இருக்கு தம்பி?" என்று காப்பி கொடுக்கும்போது அம்மா கேட்டார். "தேறிடுச்சும்மா" என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

சர்வீஸ் சென்டரில் முதலில் திரையைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஜூன் 29-இல் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். அந்தப் பையன் நின்று படித்தான். அப்புறம் தன் கருவியைச் செருகினான். அதே செல், அதே போக்கு. பேட்டரிக்கு எட்டு ஆண்டு வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே பதிவு செய்து ரசீது வாங்கிக்கொண்டேன். எண் கையில் இருந்ததால் அரை மணியில் வேலை முடிந்தது. வெறும் வாயால் சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஜூலை 23, புதன்

ஆடிக்காற்று. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு மேற்கே போகும்போது, அறுபதில் பிடித்த பிடியாக ஓட்டியும் 10 கிலோவாட் இழுத்தது. திரும்பும்போது அதே சாலை, அதே அறுபது, ஆனால் 6. சமதரை பூமி, மேடுபள்ளத்தைக் குறை சொல்ல முடியாது. ஆடி முடியும்வரை திருச்சி போகும்போது பத்து சதவீதம் கூடுதலாக ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பாமணியாறு கரையைத் தொட்டு ஓடுகிறது. அம்மா படியில் இறங்கவில்லை, முழங்கால். மேல்படியில் உட்கார்ந்து அக்கா கையால் காதோலை கருகமணி விட்டார். சித்திரான்னம் சாப்பிட்டு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பு வரை போய் வெண்ணாறு மூன்றாகப் பிரிவதைப் பார்த்துவிட்டு வந்தோம்.

கிளம்பும்போதே 26 சதவீதம்தான். சார்ஜ் போடாமல் வேண்டுமென்றே கிளம்பினேன், தூரம் குறைவு. 24, 23, 22, ஒவ்வொன்றாக இறங்கியது. வீட்டு வாசலில் 11. மற்றவை 3.18, செல் 37, 3.16. அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவரை எழுப்பினேன்.