ஏசிஎல் கிழிந்தால்: வீங்கிய முட்டியிலிருந்து ஒன்பதாம் மாதம் வரை

பந்தோடு ஓடியவர் சட்டென்று திரும்புவார். பாதம் தரையில் ஊன்றியபடியே இருக்க, முழங்கால் மட்டும் உள்பக்கமாக மடங்கும். 'டப்' என்று ஒரு சத்தம். பல நேரம் யாரும் இடித்திருக்கக்கூட மாட்டார்கள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குக் கீழே உள்ள கால்பந்துத் திடலிலிருந்தோ பூப்பந்து அரங்கிலிருந்தோ பிசியோ அறைக்கு வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான். சத்தம் கேட்டதா? எவ்வளவு நேரத்தில் வீங்கியது? இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்கிவிட்டால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. ஏசிஎல்லைத்தான், அதாவது முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் லிகமெண்டைத்தான் (தசைநாரை), முதலில் சந்தேகப்பட வேண்டும். மறுநாள் காலையில் மெல்ல வீங்கினால் சந்தேகம் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) பக்கம் போகும்.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற வார்த்தையில்தான் பலருக்கு மாதக்கணக்கில் தாமதமாகிறது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், லிகமெண்டைக் காட்டாது. சில சமயம் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில், வெளிப்பக்கமாக ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும். அதற்கு செகோண்ட் (Segond) எலும்புமுறிவு என்று பெயர். அது இருந்தால் ஏசிஎல் போயிருக்க மிக அதிக வாய்ப்பு. கையால் செய்யும் சோதனைகளில் லாக்மன் சோதனை நம்பகமானது: முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்கி, கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பார்கள். நல்ல லிகமெண்ட் 'டக்'கென்று பிடித்து நிறுத்தும். கிழிந்தது தொளதொளவென்று வரும். முதல் சில நாள் வலியில் தசை இறுகிக்கிடப்பதால் இது ஏமாற்றிவிடும். அதனால் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை எண்ணெய் தேய்த்து உருவுவதும், சின்சேயிடம் (சீனப் பாரம்பரிய வைத்தியர்) போய் இழுத்துவிடச் சொல்வதும் வேண்டாம். ரத்தம் கசியும் மூட்டை அழுத்திப் பிசைந்தால் வீக்கம்தான் கூடும்.

மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்தில் (அரசாங்க பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். நேராகத் தனியார் நிபுணரிடம் போனால் முழுக் கட்டணம்தான். எம்ஆர்ஐக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம். ஆண்டு வரம்பு உண்டு என்பதால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஒரு விஷயத்துக்கு மட்டும் வரிசையில் காத்திருக்கக் கூடாது. முழங்கால் பூட்டுப் போட்டதுபோல் நீட்ட முடியாமல் நின்றுவிட்டால், கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் மாட்டியிருக்கலாம். அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. முதல் மருத்துவரிடமே எங்கே, எப்படி அடிபட்டது என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், அது பதிவாகும். "தங்குமிடத்தில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். சிகிச்சைச் செலவும் எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களின் சம்பளமும் முதலாளியின் பொறுப்பு.

அறுவை சிகிச்சை எல்லாருக்கும் கட்டாயமில்லை. 2010இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வொன்றில் 121 இளையர்களை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பகுதிக்குச் சீக்கிரமே அறுவை, மறுபகுதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு ஆண்டு கழித்து வலியிலும் செயல்பாட்டிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஐந்தில் ஏறக்குறைய இருவர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். எங்கள் கணக்கு எளிது. சட்டென்று திரும்பும் ஆட்டத்துக்கே திரும்பப் போகிறவர், ஏணி ஏறும் வேலை செய்பவர், நடக்கும்போதே முட்டி நழுவுகிறவர், தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசல் உள்ளவர் ஆகியோர் அறுவையைப் பற்றி நிபுணரிடம் பேச வேண்டும். முட்டி ஒவ்வொரு முறை நழுவும்போதும் மெனிஸ்கஸ் அடிவாங்குகிறது. "பழகிவிட்டது" என்று அதை விட்டுவிடக் கூடாது.

அறுவைக்கு முன்னால் உள்ள வாரங்களை வீணாக்குவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. வீங்கி, மடங்கிக் கிடக்கும் முட்டியில் அறுவை செய்தால் உள்ளே தழும்புத் திசு வளர்ந்து, கால் பிறகு முழுதாக நீளாமலே போகலாம். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், 10 நிமிடம் தானாகத் தொங்கவிடுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருக்கும், ஆனால் அதுதான் காலை வளைத்தே வைக்கிறது. அடுத்து, முன்தொடைத் தசையை இறுக்கி முட்டியைப் படுக்கையோடு அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். நீட்டிய காலை மேலே தூக்கும்போது முட்டி கொஞ்சமும் மடங்கக் கூடாது. நீள்வதை வீட்டிலேயே அளக்கலாம். குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே கால்கள் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும்; இரண்டு குதிகால்களின் உயர வித்தியாசத்தை அளவுகோலால் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ ஒரு டிகிரி.

புது லிகமெண்டுக்கான நாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பெரும்பாலும் உங்கள் உடம்பிலிருந்தே எடுக்கப்படும். எங்கிருந்து என்பதை உங்கள் வாழ்க்கையை வைத்துப் பேசி முடிவெடுங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே எடுத்தால் மண்டியிடும்போது வலி நீடிக்கலாம். தினமும் தொழுகிறவரும் டைல்ஸ் பதிக்கிறவரும் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பின்தொடையில் எடுத்தால் காலை நன்றாக மடக்கும் பலம் கொஞ்சம் குறையும். எடுத்த நாண் 8 மில்லிமீட்டருக்கும் மெலிதாக இருந்தால் திரும்பக் கிழியும் வாய்ப்பு கூடும்.

வீடு திரும்பிய பிறகு கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோடு முட்டி சூடாகிச் சிவந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மெனிஸ்கஸையும் தைத்திருந்தால் சில வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்க விடமாட்டார்கள். சம்மணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் அதுவரை மறந்துவிடுங்கள்.

ஆபத்தான கட்டம் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. வலி போயிருக்கும், நடை சரியாகியிருக்கும். உள்ளே நாண் அப்போதுதான் மிகப் பலவீனமாக இருக்கும். ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம் குறைந்தபட்சம். அதோடு முன்தொடைப் பலம் நல்ல காலில் 90 சதவீதமாவது வர வேண்டும். ஒற்றைக்கால் தாவல் சோதனையில் தேறினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பல மாத ஓய்வில் நல்ல காலும் இளைத்திருக்கும், ஒப்பீடு பொய் சொல்லும். பலத்தைக் கருவியில் அளக்கச் சொல்லுங்கள். தேசிய சேவையாளர்கள் அடுத்த முகாம் அழைப்பு வரும்வரை காத்திராமல் நிபுணரின் கடிதத்தை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். கடைசித் தாவல் சோதனையைப் பயிற்சி முடிந்து கால் களைத்திருக்கும்போது செய்து பாருங்கள். முட்டி உள்பக்கம் சாய்ந்தால், இன்னும் ஆட்டத்துக்கு நேரம் வரவில்லை.