போஸ்டோய்னாவில் ஒரு வண்டைத் தேடி

வெளியே ஜூலை வெயில் கொளுத்துகிறது. குகை ரயிலில் ஏறியதும் ஜாக்கெட்டைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டேன். ஸ்லோவீனியாவின் போஸ்டோய்னா குகைக்குள் வருஷம் முழுக்கச் சுமார் 10 டிகிரிதான். கூட வந்தவர்கள் சுண்ணாம்புத் தூண்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அழகுதான், ஆனால் நான் வந்தது ஒரு வண்டுக்காக.

1831இல் இந்தக் குகையில் விளக்கேற்றும் வேலை பார்த்த லூகா செச்சின் கண்ணில் பட்டது அது. மறுவருஷம் பூச்சி ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஷ்மிட் அதற்கு லெப்டோடிரஸ் என்று பெயர் வைத்தார். குகை இருட்டுக்கே உரிய வண்டு என்று அறிவியல் அறிந்த முதல் வண்டு இதுதான். இன்னொன்று கொண்டுவந்தால் பரிசு என்று ஷ்மிட் அறிவித்தும், கிடைக்கப் பல வருஷம் ஆனதாம்.

குகை உயிர்களைக் காட்டும் விவேரியத்தில் மங்கலான வெளிச்சம். ஒரு மிளகை நூலில் கோத்து, தலைமுடியைக் காலாக ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒரு சென்டிமீட்டர்தான் நீளம். பழுப்புச் சிவப்பு நிறம், கண்ணும் இல்லை, பறக்கும் இறகும் இல்லை. உணர்கொம்பை முன்னே நீட்டி ஈரக் கல்லைத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் ஒவ்வொரு காலையும் எடுத்து வைத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

ஸ்லோவீனியாவிலிருந்து தெற்கே நீளும் டினாரிக் மலைத்தொடரின் வடமேற்கு மூலையிலும் அதை ஒட்டிய குகைகளிலும் மட்டுமே இது வாழ்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தில் இதன் பெயர் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்புப் பாறை சல்லடை மாதிரி. மேலே வயலில் தெளிக்கிற மருந்தும் வீட்டுக் கழிவுநீரும் வடிகட்டப்படாமலே கீழே போய்ச் சேரும். குழிகளில் குப்பை கொட்டும் பழக்கம் வேறு.

அதைவிட என்னை உலுக்கியது சேகரிப்பாளர்கள் கதை. இதே நாட்டின் சில குகைகளில் மட்டும் வாழும் இன்னொரு கண்ணில்லா வண்டுக்கு 1937இல் ஒருவர் ஹிட்லரின் பெயரை வைத்துவிட்டார். விலங்குப் பெயரிடும் விதிப்படி அதை இன்றும் மாற்ற முடியாது. அந்தப் பெயருக்காகவே நாஜி அபிமானிகள் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். பிடிக்கப் போகிறவர்கள் அழுகிய இறைச்சி போட்ட ஜாடியைக் குகை மண்ணில் புதைத்துவிட்டு வருகிறார்கள். எடுக்க மறந்துபோனால் வாசனைக்கு வந்து விழுகிற வண்டுகளெல்லாம் அதிலேயே செத்துக் கிடக்கும். கொஞ்சமாக முட்டையிட்டு மெதுவாகப் பெருகும் உயிர்கள் இவை. ஒரு ஜாடி போதும், ஒரு குகையே காலியாகிவிடலாம். பாவம், அது கேட்டு வாங்கிய பெயரா?

வெளியே வந்ததும், பிவ்கா ஆறு குகைக்குள் நுழைந்து மறைகிற இடத்தில் வழிகாட்டிப் பையனோடு நின்றேன். லெப்டோடிரஸை இயற்கையான இடத்தில் இரண்டு தடவை பார்த்திருக்கிறானாம். "எந்தக் குகையில் தம்பி?" என்று ஆர்வத்தில் கேட்டுவிட்டேன். சிரித்தபடி தலையை ஆட்டி மறுத்தான். சரி என்று நானும் மறுபடி கேட்கவில்லை.