ரெட் கார்டுக்கு அப்புறம்

17 நவம்பர் 2024, ஞாயிறு

சிறுவர் கால்பந்து ஆட்டத்துக்கு இன்று நான்தான் ரெஃப்ரி. ஒரு கோச்சுக்கு ஏன் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினேன் என்று அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மைதானத்தை விட்டுக் கிளம்பினேன். கை நடுக்கம் இப்போதுதான் நின்றது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

18 நவம்பர்

தூக்கம் வரவில்லை. எல்லாம் ஒரு த்ரோவில், பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிவதில், ஆரம்பித்தது. த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு, அதாவது எதிரணிக் காவலைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் தவறு, கிடையாது. கோல் கிக், கார்னருக்கும் அப்படித்தான். ஆடுகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கே இது தெரியும். ஆனால் கோல் விழுந்ததும் ஓரத்தில் நின்ற அப்பாக்கள் "ஆஃப்சைடு, ஆஃப்சைடு" என்று கத்த, கோச்சும் உள்ளே ஓடி வந்து "ஏம்மா, ரூல் புக் படிச்சிருக்கியா?" என்றார். மஞ்சள் அட்டை காட்டினேன். முன்பெல்லாம் கோச்சை வாயால்தான் எச்சரிக்க முடியும், 2019இல்தான் அட்டை வந்தது. அதோடு முடிந்திருக்கும். வெளியே போகிறவர் திரும்பி தன் அணியின் கோல்கீப்பர் பையனைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். அறிக்கையில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன்.

பையனுக்குக் கையுறை பெரிது. கழன்றுவிடாமல் இருக்க மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டிருந்தான். தலையைக் குனிந்தபடி அந்த வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டி, பிரித்து ஒட்டி நின்றான். எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சிவப்பு அட்டையை எடுத்தேன்.

"என் டீம் பையனை நான் திட்டறேன், உனக்கென்ன வந்துச்சு?" என்றார் கோச்.

நீங்கள் வெளியே போகாமல் ஆட்டம் தொடங்காது சார் என்று சொல்லிவிட்டு வாட்சை நிறுத்தினேன். வேறெதுவும் பேசவில்லை. போட்டி நடத்துபவர் வந்து அவர் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல், "நல்லா திட்டுங்க சார், அப்பதான் உறைக்கும்." அது அந்தப் பையனின் அப்பா என்று பிறகுதான் தெரிந்தது.

19 நவம்பர்

ஆட்டம் முடிந்ததும் அவன் வந்து கேட்டது காதிலேயே இருக்கிறது.

21 நவம்பர்

சீனியர் அண்ணா போன் பண்ணினார். எனக்கு விசில் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர், அவர் பேச்சை நான் தட்டியதே இல்லை. "உன்னைத் திட்டினதுக்கு மஞ்சள், சரி. அவன் டீம் பையனை அவன் திட்டினதுக்கு ஏம்மா ரெட்டு?" என்றார். அவர் வைத்ததும் ரூல் புக்கில் தவறுகளைப் பற்றிய விதி 12ஐத் திறந்து மறுபடி படித்தேன். இழிவான, புண்படுத்தும் வார்த்தை பேசினால் வெளியேற்றம், அவ்வளவுதான் இருக்கிறது. யாரைப் பார்த்துப் பேசினால் என்று பிரித்துச் சொல்லவில்லை. எதிரணியோ சொந்த அணியோ ரெஃப்ரியோ, வார்த்தை வார்த்தைதானே! நான் சரியாகத்தான் செய்தேன். செய்தேனா? வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பையனுக்கு இன்னும் நாலு சேர்த்து விழுந்திருந்தால்?

24 நவம்பர், ஞாயிறு

நல்ல நாள். இரண்டு ஆட்டம், ஒரு அட்டைகூட இல்லை. பெற்றோருக்கு நாம் அட்டை காட்ட முடியாது. அதனால் ஒரு அம்மா அளவுக்கு மீறிக் கத்தியபோது ஆட்டத்தை நிறுத்தி, போட்டி நடத்துபவரைக் கூப்பிட்டு, அவர் போய்ப் பேசும்வரை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாமே போய் வாய் கொடுத்தால் அன்றைக்கு ஆட்டம் நம் கையில் இருக்காது.

திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா ரெஃப்ரி ஆன 2016இல் நான் எட்டாம் வகுப்பு. அந்தப் பேப்பர் கட்டிங் இன்னும் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. அவரும் இதையெல்லாம் கேட்டுத்தான் வந்திருப்பார்.

30 நவம்பர்

ஃபெஞ்சல் புயல். சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். நாளை ஆட்டம் கிடையாது. ஷூவுக்குள் பேப்பர் திணித்துக் காய வைத்திருக்கிறேன்.

3 டிசம்பர்

நெதர்லாந்தில் ரிச்சர்ட் நியூவன்ஹூசன் இறந்தது 2012இல் இதே நாள். சம்பளம் வாங்காத லைன்ஸ்மேன், மகன் ஆடிய ஆட்டத்துக்குக் கொடி பிடிக்கப் போனவர். எதிரணிப் பையன்கள் அடித்ததில் மறுநாள் உயிர் போனது. பதின்வயதுப் பையன்களோடு ஒருவனின் அப்பாவுக்கும் தண்டனை கிடைத்தது. அந்த அப்பாவைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

5 டிசம்பர்

போட்டி நடத்துபவர்கள் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். "ஃபீஸ் கட்டுற பேரன்ட்ஸே கம்ப்ளெயின்ட் பண்ணலையேம்மா." மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து ஆட்டம் தராமல் போகலாம், தெரியும். வாரம் இரண்டு ஆட்டத்துக் காசு, அதில்தான் என் பஸ்ஸும் செல்போன் ரீசார்ஜும்.

"அக்கா, என்னாலதானே சாருக்கு ரெட்?" இதுதான் அவன் கேட்டது. இல்லைடா கண்ணா, சார் பேசினதுக்கு என்றேன். அவன் நம்பவில்லை. கையுறையைக் கழற்றி, ரப்பர் பேண்டை மட்டும் பத்திரமாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான்.

8 டிசம்பர், ஞாயிறு

வெயில். தரை இன்னும் சொதசொதவென்று இருக்கிறது. அடுத்த ஆட்டம் அவர்களுடையது, ரெஃப்ரி நான் இல்லை. கோச் கயிற்றுக்கு வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறார். கோலில் வேறு பையன். பெஞ்சிலும் பார்த்துவிட்டேன், அவன் இல்லை.