கணக்கு டீச்சருக்குப் பணி ஒப்புதல் வாங்கியது

கடலூரில் சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். 2022 மே மாதம் எங்கள் கணக்கு ஆசிரியை ஓய்வு பெற்றார். ஜூனிலேயே நிர்வாகம் அந்த இடத்தில் ஒருவரை நியமித்தது. நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பத்தாம் வகுப்புக்கு அவர்தான் கணக்கு. கல்வி அலுவலகம் நியமனத்துக்கு ஒப்புதல் தந்தால்தான் அரசுச் சம்பளம். அதுவரை நிர்வாகம் தரும் எட்டாயிரம் ரூபாய்.

கோப்பை அனுப்பிய தலைமையாசிரியை சிஸ்டருக்கு அடுத்த மே மாதமே மாற்றல். புதிதாக வந்தவருக்குக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரியவே நாலு மாதம் ஆயிற்று. அவரும் ஒரே வருடத்தில் மாறிப் போனார். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பெண்கள் கல்விக்கென்று புதுச்சேரியில் 1844லேயே கன்னியர் சபை தோன்றிய மண் இது. ஆனால் இன்று துறவறத்துக்கு வருகிறவர்களே குறைவு. முதுகலையும் பி.எட்.டும் முடித்த ஒரு சிஸ்டரை மூன்று பள்ளிகள் கேட்கின்றன. சிறுபான்மைப் பள்ளிகள் தங்கள் தலைமையைத் தாங்களே தேர்ந்தெடுப்பது அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு தரும் உரிமை. 2006ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேர்ந்தெடுத்தவரை ஐந்து வருடமாவது இருக்க விட வேண்டும் என்று சபைகளிடம் கேட்க ஆசைப்படுகிறேன்.

2024 ஜூனில், மூத்தவள் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. பீரோவைத் திறந்தால் கோப்பு குறிப்புரையோடு திரும்பி வந்து கிடந்தது. பட்டச் சான்றிதழுக்கு உண்மைத்தன்மைச் சான்று இல்லை. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் இடம் என்று சொல்லும் அந்த வருடத்துப் பணியாளர் நிர்ணய ஆணை இணைக்கப்படவில்லை. நிர்வாகத் தீர்மான நகலில் முத்திரை இல்லை. ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடமே நிற்கும், அதனால் நிர்ணய ஆணையை முதலில் தேடி எடுத்தேன். உண்மைத்தன்மைச் சான்றுக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பணம் கட்டினோம். சரி, இனி நடந்துவிடும் என்று நினைத்தேன்.

நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அப்புறம் தென்பெண்ணை வெள்ளம். அலுவலக பீரோவின் அடித்தட்டு முழுக்க ஊறிவிட்டது. 2022ஆம் வருட வருகைப் பதிவேடு அதில்தான் இருந்தது. டீச்சர் சேர்ந்த நாள்முதல் வேலை பார்த்ததற்கு அதுதான் ஆதாரம். பக்கத்துக்குப் பக்கம் தினத்தாளைச் செருகி, மின்விசிறிக்குக் கீழே மூன்று நாள் காய வைத்தோம். மைப்பேனாவில் போட்ட கையெழுத்துகள் நீலமாகக் கரைந்து பரவியிருந்தன. பால்பாயிண்டில் போட்டவை அப்படியே இருந்தன. கணக்கு டீச்சர் தானே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "அக்கா, அன்னைக்கு எனக்கு நூத்திரண்டு காய்ச்சல். பரீட்சை நேரம்னு வந்துட்டேன்" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. கண் கலங்கிவிட்டது.

ஜனவரியில் மறுபடி கோப்பை அனுப்பினேன். இந்த முறை வாரம் ஒருநாள், பள்ளி விட்டதும் நேரில் போய்க் கேட்டேன். கோப்பு எண், எந்தத் தேதியில் எந்தப் பிரிவில் இருந்தது, யார் என்ன கேட்டார்கள் என்று எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கோப்பின் நகலும் இப்படியொரு நோட்டும் பள்ளியிலேயே இருக்கட்டும். மாற்றலாகிப் போகிறவரின் நினைவில் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும்.

2025 மார்ச்சில் ஒப்புதல் ஆணை வந்தது, சேர்ந்த தேதியிலிருந்தே. டீச்சர் அன்று நாலாவது பாடவேளை முடித்துவிட்டுத்தான் வந்து படித்தார்.

ஜூனில் புது சிஸ்டர் பொறுப்பேற்றார். சாவிக் கொத்தோடு அந்த நோட்டையும் கொடுத்தேன். நின்றபடியே புரட்டிப் பார்த்தவர், "டீச்சர், தமிழாசிரியை இடம் ஒண்ணு காலியா இருக்கே, அது எங்க நிக்குது?" என்று கேட்டார். பதினேழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.