ஊரே பார்த்த வீடியோவை நீதிபதி பார்க்கவில்லை

ஒரு வழிப்பறி வழக்கில் நேரில் பார்த்த சாட்சியாக நின்று, தீர்ப்பு வரை பார்த்துவிட்டேன். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

அயனாவரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே பூ விற்கும் அம்மாவின் தாலிச் செயினை 2022-இல் பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்தார்கள். அந்தம்மா செயினை விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவன் கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தான். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நரம்பு போய்விட்டது. இப்போதும் பூ விற்கிறார், கட்டுவது மருமகள்.

அன்றைக்கு ராத்திரியே சாலை மறியல். காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கு மட்டும் ஒரு சீட்டு, தருகிறோம் என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். இந்த மாதிரி குற்றத்துக்கு உடனே எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல அங்கே யாருக்குத் தெரியும்? வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துத்தான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். கூட்டத்தால் நடந்த நல்லது அது ஒன்று. அதை மறுக்க மாட்டேன்.

மறுநாள் செல்போன் கடைக்காரர் தன் சிசிடிவி காட்சியை வாட்ஸ்அப்பில் விட்டார். ஊரே பார்த்தது. என் அக்கா சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு "உன் கடை போர்டு தெரியுதுடா" என்றாள். பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: என்கவுன்ட்டர். சில நாளில் இருவரும் பிடிபட்டார்கள். அப்புறம் அந்தப் படம் வந்தது. கத்தி வைத்திருந்தவன் கையில் மாவுக்கட்டு, முகம் பளிச்சென்று தெரிகிறது, கீழே "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று ஒரு வரி. எங்கள் தெரு குரூப்பில் போலீசுக்கு சல்யூட் அடித்தே ஒரு நாள் போனது. விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கும் தடுப்புக் காவல் சட்டமான குண்டாஸும் போட்டார்கள். எல்லாரும் வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

சாட்சி என்று பெயர் எழுதும்போது மட்டும் தெரு காலியாகிவிட்டது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் "நான் சத்தம் கேட்டுத்தான் வந்தேன்" என்றார்கள். மிச்சம் இருந்தவன் நான். போலீஸ் கேட்டு எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நம் கையெழுத்து கிடையாது, சட்டமே அப்படித்தான். கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அப்புறம் புழல் சிறையில் அடையாள அணிவகுப்பு. மாஜிஸ்திரேட் முன்னிலையில், ஒரே வயசு, ஒரே உடல்வாகு உள்ள கைதிகளோடு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அடையாளம் காட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் பின்னால் வினையாக முடிந்தது.

குண்டாஸ் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. பிறகு ஜாமீன். விசாரணைக்கு சம்மன் வருவதற்குள் மூன்றாவது வருஷம் ஆகிவிட்டது. போன நாளெல்லாம் சாட்சி சொல்லிவிட முடியாது. நீதிபதி லீவு, வக்கீல்கள் புறக்கணிப்பு, இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்தில், எதிரி தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், வாய்தா. கடையை அடைத்துவிட்டுப் போய் வருகிற சாட்சிக்குப் படிப்பணம், அதாவது வந்துபோகும் செலவு, தர சட்டத்தில் இடம் இருக்கிறது. பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டேன். சிரித்தார்.

வாய்தாவைவிட வராண்டாதான் கஷ்டம். சாட்சிக்கென்று தனி இடம் இல்லை. ஜாமீனில் வந்தவனும் அவன் கூட்டாளிகளும் நிற்கிற அதே வராண்டாவில்தான் நானும் நிற்க வேண்டும். ஒருத்தன் வந்து மிரட்டவெல்லாம் இல்லை. டீ கிளாஸை நீட்டினான். "இன்னாண்ணே, கடை எப்டி போவுது? பையன் ப்ளஸ் டூ தான?" அவ்வளவுதான். என் பையன் ப்ளஸ் டூ என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வழக்கைக் கவனித்த இளம் வக்கீல் ஒருவர், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது, 2018-இல் உச்ச நீதிமன்றமே அதை நாடு முழுக்கச் செல்லும் என்று சொல்லியிருக்கிறது, மனு போடுங்கள் என்றார். மனு போட்டால் மிரட்டல் உண்டா என்று அறிக்கை தர வேண்டியது போலீஸ். "டீ வேணுமா என்று கேட்டான்" என்று என்னவென்று எழுதுவார்கள்? போடவில்லை.

கூண்டில் ஏறிய நாளில் அரசு வக்கீல் கேட்கும் முதல் விசாரணை சீக்கிரம் முடிந்தது. குறுக்கு விசாரணையில் எதிரி தரப்பு வக்கீல் என் கடைக்கும் சம்பவ இடத்துக்கும் எத்தனை அடி, தெருவிளக்கு எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, பைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்த மாவுக்கட்டுப் படம். "அணிவகுப்புக்கு முன்னாடியே இதைப் பார்த்தீங்களா?" பார்த்தேன் என்றேன். எங்கள் தெருவில் பார்க்காதவர் யார்? நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொன்னார்: "அணிவகுப்புக்கு முன்பே எதிரியின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டேன் என்றால் சரிதான்." முகத்தை முன்கூட்டியே காட்டிவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பு போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பூக்கார அம்மாவிடமும் அதே கேள்வி, அதே பதில். நான் அவனைச் சம்பவ இடத்தில் பார்த்தேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கோர்ட்டுக்கு அந்த முகம் எங்கிருந்து என் மனதில் ஏறியது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

சரி, வீடியோ இருக்கிறதே என்று நினைப்பீர்கள். 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையக் கொலையின்போது ஸ்டேஷனில் கேமரா இல்லை என்பதுதான் பெரிய பேச்சு. அந்த வழக்கில் கைதானவர் புழல் சிறையிலேயே இறந்துபோக, விசாரணை நடக்காமலே எல்லாம் முடிந்தது. இன்றைக்குக் கேமராவுக்குக் குறைவில்லை. ஆனால் பென் டிரைவில் கொடுத்தால் மட்டும் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, புதிய சட்டத்தில் 63-ஆம் பிரிவு: அந்தக் கருவியைக் கையாண்டவரின் சான்றிதழ் வேண்டும். 2014-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஊருக்கெல்லாம் ஃபார்வர்டு செய்த செல்போன் கடைக்காரர், கோர்ட் என்றதும் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். கேமரா காட்சி பதிவாகும் டிவிஆர் பெட்டியில் பழையதன் மேல் புதியது பதிவாகி எப்போதோ அழிந்திருந்தது. விசாரணை அதிகாரிகள் மாறி மாறி வந்தார்கள், ஒருவரும் அந்த ஒரு தாளை வாங்கி வைக்கவில்லை. லட்சம் பேர் பார்த்தும் அந்தக் காட்சி சான்று ஆவணமாக ஏறவில்லை.

தீர்ப்பில் பைக் ஓட்டியவனுக்குத் தண்டனை. அவன் சொல்லித்தான் செயின் அடகுக் கடையில் கிடைத்தது, அடகுக்காரரின் லெட்ஜரில் அவன் கைரேகை இருந்தது. கத்தி வீசியவனுக்குச் சந்தேகத்தின் பலன், விடுதலை. மாவுக்கட்டு வேறு அவனுக்கே உதவியது. அடித்து எழுதி வாங்கினார்கள் என்று அவன் வக்கீல் சொன்னபோது மறுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. கோபத்தில் நான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கட்டைப் போட்டவர்கள்தான் அவனை வெளியே விட்டார்கள். குரூப்பில் தீர்ப்பைப் போட்டேன். "எல்லாம் காசு, ஜட்ஜ் விலைபோயிட்டார்" என்று நாலு பேர் எழுதினார்கள். நான் தீர்ப்பைப் படித்தேன். அவர் முன்னால் இருந்த காகிதத்துக்கு அதைத் தவிர வேறு தீர்ப்பு எழுத முடியாது.

பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம், அரசு போகாவிட்டாலும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். காயத்துக்கு இழப்பீடு கேட்கவும் அங்கேதான் மனு. இதை யாரும் அந்தம்மாவிடம் சொல்லவில்லை, மூன்று வருஷமாக. இப்போது இரண்டுக்கும் மனு எழுதியாயிற்று. கையெழுத்துப் போட வலது கை வரவில்லை, இடது பெருவிரலை உருட்டினார். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்குக் காத்திருக்கிறோம்.