ஒல்லியான உடம்புக்கு எப்படி வந்தது சர்க்கரை?

என் பெரிய அண்ணனுக்கு நாற்பது வயதை நெருங்கும்போதே சர்க்கரை நோய் வந்துவிட்டது. அவருக்குத் தொப்பை கிடையாது. இனிப்பின் மேல் பெரிய ஆசையும் கிடையாது. செய்தி கேட்டு வந்த உறவினர்களில் பாதிப் பேர் "குச்சி மாதிரி இருக்கிறவனுக்கு ஏது சர்க்கரை?" என்று வியந்தார்கள், மீதிப் பேர் "வாயைக் கட்டாவிட்டால் இப்படித்தான்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார். அந்த அறிவுரைகளில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எல்லாரும் அவருடைய நாற்பதாவது வயதிலிருந்தே கணக்கைத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கு அவர் பிறப்பதற்கும் முன்பே தொடங்கியிருக்கும் என்று நான் நம்பத் தொடங்கியது, மைசூரில் எழுதிவைக்கப்பட்ட சில பழைய பிரசவப் பதிவேடுகளைப் பற்றிப் படித்த பிறகுதான்.

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்றொரு மிஷன் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே 1934 முதல், பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகிய மூன்றையும் பதிவேட்டில் குறித்துவைத்தார்கள். என் அம்மா காலத்துக் கிராமத்தில் மருத்துவச்சி வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போவார். எடை பார்ப்பது என்ற பேச்சே இல்லை. அதனால்தான் அந்தப் பதிவேடு இவ்வளவு அரிய பொருளாகிறது. 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்து, பின்னர் அதே ஊர்ப் பக்கம் வாழ்ந்துகொண்டிருந்த 517 பேரை 1990களில் ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து, அவர்களுடைய இதயத்தைப் பரிசோதித்தார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோ அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இதய நோய் இருந்தது. மூன்று கிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் இருந்தது. 1996இல் வெளிவந்த இந்த முடிவு, இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதிச் செவிலியர்கள் 1911 முதல் எழுதிவைத்த ஏடுகளை வைத்து ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் முன்னதாகச் சொன்னதற்கு ஒத்தே இருந்தது.

இதற்குப் பார்க்கர் தந்த விளக்கம், கையில் பணம் குறைந்த வீட்டுக்காரர் எதை முதலில் காப்பாற்றுவார் என்று யோசித்தால் எளிதில் புரிந்துவிடும். கருவிலிருக்கும் சிசுவுக்குச் சத்து போதாதபோது மூளைக்குப் போகவேண்டியது முதலில் போய்விடுகிறது. கணையம், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் பங்கில்தான் கை வைக்கப்படுகிறது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகுகளின் எண்ணிக்கை பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். பிற்பாடு எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. தசை குறைந்த உடம்பில், உண்ட உணவிலிருந்து வரும் குளுக்கோஸை வாங்கிச் செலவழிக்க இடமும் குறைவு.

புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு பார்த்த குழந்தைகள் இன்னொரு விஷயத்தையும் காட்டினார்கள். புனேயைச் சுற்றியுள்ள கிராமக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது பிறக்கும்போதே ஒல்லி, ஆனால் உள்ளுக்குள் கொழுப்பு. யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் புகைப்படமொன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். "குச்சி மாதிரி இருக்கிறவனுக்கு" என்று பேச்சைத் தொடங்கும் உறவினர்களிடம் காட்டுவதற்காகவே அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்திருக்கிறேன்.

குறைவாகப் பிறந்ததோடு கதை முடிந்துவிடுவதில்லை. டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடைபோட்டு வந்தார்கள். அவர்களில் 1,492 பேரை முப்பது வயதை ஒட்டிப் பரிசோதித்த முடிவு 2004இல் வெளிவந்தது. சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ வந்தவர்கள், இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுக்குள் தங்கள் நிலையிலிருந்து வேகமாக எடை கூடியவர்களாக இருந்தார்கள். இத்தனைக்கும் பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமனாக இல்லை.

அண்ணன் பிறந்தது 1966இல், கரிசல் காட்டு மானாவாரிக் கிராமம் ஒன்றில். அரிசிப் பஞ்சம் அரசியலையே புரட்டிப்போட்ட காலம் அது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற முழக்கம் ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்பதை அந்தத் தலைமுறையிடம் கேட்டால் தெரியும். நிறைமாதத்திலும் அம்மா களையெடுக்கப் போனார். வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மாமியாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சிய கம்பங்கஞ்சியும் வெங்காயமும்தான் அவருக்கு. அங்கே வளர்ந்த பிள்ளை இருபத்திரண்டு வயதில் மதுரைக்கு வந்து, லாரி புக்கிங் ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, மதியம் அளவுச் சாப்பாடும் இரவு பரோட்டாவுமாகப் பதினைந்து ஆண்டுகள் ஓட்டினார். பற்றாக்குறைக்குத் தயாரான உடம்பின் தலையில் திடீரென்று வளம் வந்து விழுந்தது. நோய்க்கு அந்தப் பரோட்டா காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. அது மட்டுமே காரணம் என்பவர்களோடுதான் எனக்கு வழக்கு. அதே வீட்டில் வளர்ந்த சின்ன அண்ணனுக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டியும் சர்க்கரை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுகள் பேசுவது வாய்ப்பு கூடுவதைப் பற்றி. தலையெழுத்தைப் பற்றி அல்ல.

சோற்றோடு மட்டும் இது நிற்பதுமில்லை. அமெரிக்காவின் சான் டியாகோவில் எடைக் குறைப்புச் சிகிச்சை நடத்திவந்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கண்டு விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அதன் தொடர்ச்சியாக 1998இல் வெளிவந்த ஆய்வில், அடி, வசவு, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர் இருப்பது போன்ற அனுபவங்கள் எத்தனை கூடுகின்றனவோ, அந்த அளவுக்கு நடுவயதில் இதய நோயும் மன அழுத்தமும் குடிப்பழக்கமும் கூடியிருந்தன. குடித்துவிட்டு வரும் தகப்பனின் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே தூங்கப் பழகிய பிள்ளைகள் நம் தெருவிலும் உண்டு. நம் மருத்துவமனைகளில் குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை என்று தவறாமல் கேட்கிறார்கள். வீடு எப்படிப்பட்ட வீடாக இருந்தது என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

மருத்துவ உலகமே இதில் முன்னும் பின்னுமாக நடந்திருக்கிறது. ஊட்டச்சத்துக் குறைவால் வரும் நீரிழிவை உலக சுகாதார நிறுவனம் 1985இல் தனி வகையாகச் சேர்த்து, 1999இல் நீக்கிவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் மெலிந்த நோயாளிகளைப் பரிசோதித்து, அவர்களுக்கு இன்சுலின் சுரப்பிலேயே குறை இருப்பதை 2022இல் காட்டினார்கள். 2025 ஏப்ரலில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. அண்ணனுக்கு இருப்பது இரண்டாம் வகைதான் என்கிறார் அவருடைய மருத்துவர். ஆனாலும் பசி தனியாகவே நீரிழிவைக் கொண்டுவர முடியும் என்று ஓர் உலக அமைப்பு ஒப்புக்கொண்டது எனக்குச் சிறிய விஷயமாகப் படவில்லை.

இதை மாற்ற முடியுமா என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஐதராபாத் பக்கத்துக் கிராமங்களில் கிடைத்த உப்புமா. 1987 முதல் 1990 வரை, 29 கிராமங்களில் 15இல் மட்டும் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அங்கன்வாடியில் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவில் உப்புமா கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பதின்ம வயதில் பார்த்தபோது, உப்புமா கிடைக்காத கிராமத்துப் பிள்ளைகளைவிட 14 மில்லிமீட்டர் உயரம் கூடியிருந்தார்கள். இன்சுலினுக்கு அவர்கள் உடம்பு நன்றாக இணங்கியது. இரத்தக் குழாய்களின் விறைப்பும் குறைந்திருந்தது. இந்தியப் பள்ளிகளின் மதிய உணவைப் பற்றி 2021இல் வந்த ஓர் ஆய்வு, சிறுமியாக அதை உண்டு வளர்ந்தவர் தாயானபோது அவருடைய குழந்தையின் உயரமும் கூடியதைக் காட்டியது. எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்ற பெண் பிள்ளைகளை நினைத்துக்கொண்டே அதைப் படித்தேன்.

இப்போது அண்ணன் மகள் ஆறாவது மாதம். "நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமமாகிவிடும்" என்று அவள் மாமியார் தடுக்கிறார். "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று எங்கள் பக்கம் வற்புறுத்துகிறார்கள். இரண்டும் சரியில்லை. மைசூர்ப் பதிவேடுகளிலேயே, நீரிழிவு அதிகம் வந்தது மெலிந்து பிறந்தவர்களுக்கு அல்ல, நீளம் குறைந்து உருண்டையாகப் பிறந்தவர்களுக்கு. அவர்களுடைய தாய்மார்கள் எடை கூடியவர்கள், கர்ப்பத்தில் அவர்களுக்கே சர்க்கரை ஏறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆகவே சண்டையைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு, போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளை அழைத்துப் போனோம். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தாள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு, அவளுக்கு 118 வந்தது. செவிலியர் தினம் ஒரு முட்டையும் கீரையும் பருப்பும் சாப்பிடச் சொன்னார். அண்ணன் அதை ஒரு தாளில் எழுதி, சம்பந்தி வீட்டு அடுப்படியில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.